மீன் செத்து மிதந்தால் ஏரியின் அடிநீரையும் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியதும் ஏரிகளில் மீன்கள் செத்து மிதக்கும் செய்திகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. காரணமாகப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று சொல்லப்படும். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்பார்கள். இல்லாவிட்டால், மீன்கள் சூடு தாங்காமல் செத்துவிட்டன என்பார்கள். இரண்டாவது விளக்கம் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. சாதாக் கெண்டை 35 டிகிரி வரை தாக்குப்பிடிக்கக் கூடியது. திலேப்பியா 40 டிகிரியை நெருங்கும் வரைகூட உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட மீன்கள் 31 டிகிரித் தண்ணீரில், அதுவும் நாளிலேயே குளிர்ச்சியான விடியற்காலையில், கூட்டமாகச் சாவதற்கு வெறும் சூடு காரணமாக இருக்க முடியாது. ஏரி சூடாகும்போது தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்பதை உங்கள் வாசகர்கள் முழுமையாக அறிய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, சுருக்கினால் விஷயம் சிதைந்துவிடும்.

முதலில் ஆக்சிஜன் கணக்கு. கடல்மட்டத்தில், உப்பில்லாத தண்ணீர் காற்றிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 10 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 11.3 மில்லிகிராம், 20 டிகிரியில் 9.1, 25 டிகிரியில் 8.3, 30 டிகிரியில் 7.6. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு இறங்கிக்கொண்டே போகிறது. மீனின் தேவையோ எதிர்த்திசையில் போகிறது. மீனுக்குத் தன் உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் வசதி கிடையாது. தண்ணீர் என்ன சூடோ அதுதான் மீனும். தண்ணீர் 10 டிகிரி ஏறினால் மீனின் உடல் எரிக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதாவது 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போகும்போது வரவு ஆறில் ஒரு பங்கு குறைகிறது, செலவு இரட்டிப்பாகிறது. மீன் செவுளை வேகமாக அடித்துக்கொண்டு அதிகத் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. அந்த உழைப்பே மேலும் ஆக்சிஜனைக் கேட்கிறது. கெண்டை வகைகளுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே போனால் இரை எடுப்பது குறைந்து நோய் எதிர்ப்பும் தளரும். 1-ஐ ஒட்டி இறங்கினால் சில மணி நேரத்தில் சாவுதான். டிரவுட் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு 6 அல்லது 7-க்குக் குறையாமல் வேண்டும்.

இந்தக் கணக்கு மட்டும் என்றால் விஷயம் எளிது. உண்மையான சிக்கல் ஏரியின் ஆழத்தில் இருக்கிறது. அங்கேதான் பொதுப் பேச்சு எட்டிப் பார்ப்பதே இல்லை.

தண்ணீர் ஏறக்குறைய 4 டிகிரியில் மிகவும் அடர்த்தியாக இருக்கும். அதற்கு மேல் சூடாக ஆக லேசாகிக்கொண்டே போகும். ஆனால் சீராக லேசாவதில்லை. 4 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடையே உள்ள அடர்த்தி வேறுபாட்டைவிட 24-க்கும் 25-க்கும் இடையே உள்ள வேறுபாடு சுமார் 30 மடங்கு. எனவே ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கும் ஏரியில் ஒரு டிகிரி கூடினாலே மேல்நீருக்கும் அடிநீருக்கும் இடையிலான பிரிவு வலுத்துவிடும். மேலே லேசான சூடான அடுக்கு, கீழே கனமான குளிர்ந்த அடுக்கு, நடுவில் மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் சட்டென்று வெப்பம் இறங்கும் மெல்லிய இடையடுக்கு. காற்று அடித்தாலும் மேலடுக்குதான் கலங்கும். இடையடுக்கைத் தாண்டி அடியடுக்கைக் கிளப்ப அதற்குப் பலம் போதாது.

இதனால் என்ன கெடுகிறது? அடியடுக்குக்கு ஆக்சிஜன் வரும் வழி இரண்டுதான்: மேலிருந்து கலந்து வர வேண்டும், அல்லது அங்கேயே பாசி ஒளிச்சேர்க்கை செய்ய வேண்டும். முதல் வழியை அடுக்குப் பிரிவு அடைத்துவிடுகிறது. இரண்டாவதற்கு அந்த ஆழத்தில் வெளிச்சம் இல்லை. மேலே வளர்ந்து செத்த பாசியும் மற்றக் கழிவும் மட்டும் விடாமல் கீழே விழுந்துகொண்டிருக்கும். அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் இருப்பில் உள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். குளிர்ப் பிரதேச ஏரிகளில் வசந்தத்தில் நிரம்பிய இருப்புதான் இலையுதிர்காலக் கலக்கம் வரை தாங்க வேண்டும். ஏரி முன்கூட்டியே அடுக்காகப் பிரிந்து, தாமதமாகக் கலந்தால், அந்த இருப்பு நடுவழியிலேயே தீர்ந்துவிடும். வெப்பமயமாதல் இந்த இரண்டு முனைகளையும் நீட்டுகிறது. பல பேர் கவனிக்காத கொடுமை இதுதான்: அடிநீர் ஒரு டிகிரிகூடச் சூடாகாமலே மூச்சடைத்துப் போகலாம்.

உலகளவில் அளந்த எண்களும் இதையே சொல்கின்றன. 1985 முதல் 2009 வரை 235 ஏரிகளை ஆராய்ந்ததில் கோடைக்கால மேல்நீர் பத்தாண்டுக்குச் சராசரியாக 0.34 டிகிரி சூடேறியிருந்தது. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் 1979-க்கும் 2006-க்கும் இடையில் ஏறியது சுமார் 2.5 டிகிரி. மிதவெப்ப மண்டலத்தின் 393 ஏரிகளில் 1941 முதல் 2017 வரை எடுத்த அளவீடுகளைத் தொகுத்தபோது, கரைந்த ஆக்சிஜன் மேல்நீரில் 5.5 சதவீதமும் அடிநீரில் 18.6 சதவீதமும் குறைந்திருந்தது. மேல்நீரில் குறைந்ததற்குச் சூடான தண்ணீரின் கரைதிறன் குறைவு முக்கியக் காரணம். அடிநீரில் குறைந்ததற்கு வலுத்த அடுக்குப் பிரிவும், தண்ணீரின் தெளிவு குறைந்ததும் காரணம். அதே தொகுப்பில் இன்னொன்றும் தெரிந்தது: மேல்நீர் 24 டிகிரியைத் தாண்டி, பாசியும் மண்டிய ஏரிகளில் மேல்நீர் ஆக்சிஜன் கூடியிருந்தது. பகலில் பாசி கக்கும் ஆக்சிஜன் அது. நடுப்பகலில் கரையோரத்தில் ஒரு முறை அளந்துவிட்டு "ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது" என்று அறிக்கை எழுதுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இப்போது மீனின் பக்கமிருந்து பாருங்கள். குளிர்நீர் மீனுக்கு மேலடுக்கு சூடாகிவிட்டது. அங்கே இருக்க முடியாது. அடியடுக்கு குளிர்ச்சிதான், ஆனால் அங்கே மூச்சு விட முடியாது. மேலிருந்து சூடும் கீழிருந்து ஆக்சிஜன் பஞ்சமும் நெருக்க, வாழத்தக்க இடம் நடுவில் ஒரு பட்டையாகச் சுருங்குகிறது. கோடை உச்சத்தில் அந்தப் பட்டை ஒரு மீட்டர், அரை மீட்டர் என்று மெலிந்து, ஒருநாள் இல்லாமலே போய்விடும். 2006 கோடையில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பல ஏரிகளில் சிஸ்கோ என்னும் குளிர்நீர் மீன்கள் மாண்டது இப்படித்தான். பட்டை முழுதாக மறையாத ஏரிகளிலும் கேடு உண்டு. ஏரியில் உள்ள மீன்கள் எல்லாம் அந்தக் குறுகிய அடுக்கில் குவிவதால் இரைக்குப் போட்டி கடுமையாகும், ஒட்டுண்ணிகள் எளிதாகத் தாவும், பெரிய வேட்டை மீன்களுக்கும் வலைகளுக்கும் வேலை சுலபமாகும். மீன்பிடிப்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றும் அந்த வாரங்களில்தான் மீன்வளம் மிகவும் பலவீனமாக இருக்கிறது.

வெதுநீர் மீன்கள் கூட்டமாகச் சாவது வேறு இரண்டு வழிகளில். ஒன்று இரவு. 25 டிகிரிக்கு மேல் மற்றப் பாசிகளை முந்திக்கொண்டு வளர்வது நீலப்பச்சைப் பாசி. அதில் பல வகைகளுக்குச் செல்லுக்குள் வாயுப் பைகள் உண்டு. காற்றில்லாத, அசையாத சூடான நீரில் மேலே மிதந்து வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். பகலில் ஆக்சிஜனை வாரி விடும் அதே பாசி, இரவு முழுவதும் மீனோடு போட்டி போட்டு மூச்சு விடும். ஆக்சிஜன் மிகவும் இறங்கும் நேரம் சூரியன் எழுவதற்குச் சற்று முன். இரண்டு மூன்று நாள் வானம் மூடியிருந்தால் பகல் வரவும் விழுந்துவிடும். மூன்றாம் நாள் விடியலில் மீன் மிதக்கும்.

இன்னொரு வழி, திடீர் மழையோடு வரும் பலத்த காற்று. நீண்ட வெயிலுக்குப் பிறகு குளிர்ந்த மழை கொட்டினால் மேலடுக்கு சட்டென்று குளிர்ந்து கனமாகும். அடுக்குகளைப் பிரித்து வைத்திருந்த வேறுபாடு ஓரிரு மணி நேரத்தில் அழியும். வாரக்கணக்கில் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த அடிநீர், அதில் தேங்கிய நச்சுப் பொருள்களான ஹைட்ரஜன் சல்பைடோடும் அம்மோனியாவோடும் மேலே வந்து ஏரி முழுக்கக் கலக்கும். மழைக்கு மறுநாள் மீன் செத்ததால் மழைநீரோடு விஷம் வந்ததாக ஊர் நினைக்கும். சில நேரம் அதுவும் உண்மையாக இருக்கலாம். எனவேதான் அடையாளங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆக்சிஜன் பஞ்சத்தில் பொதுவாகப் பெரிய மீன்கள் முதலில் சாகும். சாவு விடியற்காலையில் கண்ணில் படும். அதற்கு முன் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடும், தண்ணீர் வந்து விழும் இடத்தில் குவியும். காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த விரால் போன்றவை தப்பித்திருக்கும். விஷம் என்றால் சிறிய மீன்கள் முன்னால் போகும், நாளின் எந்த நேரத்திலும் சாகும், நீர்ப்பூச்சிகளும் மிதவை உயிரிகளும் சேர்ந்து அழியும். நோய் என்றால் ஒரே இனத்தில், நாளுக்குக் கொஞ்சமாக, பல நாள் நீளும். இவை வழிகாட்டும் குறிகள்தான். முடிவு அளவீட்டைக் கொண்டுதான் எடுக்க வேண்டும்.

அம்மோனியாவைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெப்பம் அதையும் கூர்மையாக்குகிறது. தண்ணீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் ஒரு பகுதிதான் செவுள் வழியாக எளிதில் புகும் நச்சு வடிவம். அமிலகார அளவு (pH) 8 இருக்கும்போது அந்தப் பகுதி 20 டிகிரியில் 3.8 சதவீதம், 30 டிகிரியில் 7.5 சதவீதம். பாசி மண்டிய ஏரியில் பிற்பகலில் அமிலகார அளவு 9-ஐத் தொடுவது சாதாரணம். அப்போது 30 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய 45 சதவீதம் நச்சு வடிவத்தில் இருக்கும். காலையில் பாதிப்பில்லாத அதே அளவு அம்மோனியா மாலையில் செவுளை எரிக்கும். ஆய்வறிக்கையில் மொத்த அம்மோனியா மட்டும் எழுதி, வெப்பநிலையும் அமிலகார அளவும் எழுதாமல் விட்டால் அந்த எண்ணால் யாருக்கும் பயன் இல்லை.

செத்து மிதக்கும் மீன் கண்ணுக்குத் தெரிகிறது. பிறக்காமலே போகும் மீன் தெரிவதில்லை. ஏரியின் மீன்வளம் மெலிவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் உள்ள மஞ்சள் பெர்ச் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சினை முதிர நீண்ட குளிர்காலம் வேண்டும். குளிர்காலம் குறுகி வெதுவெதுப்பானால் பெண் மீன்கள் சிறிய முட்டைகளை இடுகின்றன; பொரிப்பதும் குறைகிறது, பொரித்த குஞ்சும் சின்னதாக இருக்கிறது. கோடையின் சூட்டை அந்த மீன் தாங்கிக்கொள்ளும். அதன் சந்ததியைப் பாதிப்பது சூடான குளிர்காலம். கோடை வெப்பத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது புரியாது.

பருவக் கணக்கு பிசகுவது இன்னொரு சேதம். அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் 1962-க்குப் பின் நாற்பதாண்டுகளில் வசந்தகால டயாட்டம் பாசியின் பெருக்கம் சுமார் 20 நாள் முன்னால் நகர்ந்தது. அந்தப் பாசியை மேயும் டாப்னியா என்னும் நுண்ணிய நீர்த்தெள்ளு அதே வேகத்தில் முன்னால் நகரவில்லை. இரை உச்சத்தில் இருக்கும்போது தின்பவர் இல்லை. தின்பவர் வரும்போது இரை தீர்ந்துவிட்டது. பல மீன்குஞ்சுகளுக்கு முக்கிய உணவே இந்த நீர்த்தெள்ளுகள்தான். மஞ்சள்கருப் பை தீர்ந்த சில நாளுக்குள் வாய்க்கு அடங்கும் அளவில் இரை கிடைக்காவிட்டால் குஞ்சுக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது.

திலேப்பியாவில் ஆண்-பெண் விகிதமே புரள்கிறது. குஞ்சு பொரித்த முதல் சில வாரங்களில் தண்ணீர் 35, 36 டிகிரியில் நீடித்தால் மரபணுப்படி பெண்ணாக வேண்டிய குஞ்சுகளில் ஒரு பகுதி ஆணாக மாறிவிடும். ஒட்டுண்ணிகளும் சும்மா இருப்பதில்லை. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒற்றைச்செல் உயிரி 10 டிகிரியில் தன் வாழ்க்கைச் சுழற்சியை முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடும். மீனின் எதிர்ப்பு தளர்ந்த அதே நாள்களில் எதிரி வேகமெடுக்கிறான்.

இனக்கலவையும் மாறுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில ஏரிகளில் வால்ஐ என்ற வேட்டை மீன் தானாகக் குஞ்சு பொரித்துப் பெருகுவது குறைந்துவர, வெதுநீரை விரும்பும் பெரிய வாய் பாஸ் கூடிவருகிறது. மொத்த எடையில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். எடையை மட்டும் பதிவு செய்யும் புள்ளிவிவரத்தில் ஓர் இனம் அழிவது ஒளிந்துகொள்ளும்.

எல்லாவற்றையும்விட என் மனத்தை உறுத்துவது டாங்கனிக்கா ஏரி. தான்சானியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, புருண்டி, ஜாம்பியா என நான்கு நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஏரியின் ஆழம் சுமார் 1,470 மீட்டர். அங்கே சத்துகள் எல்லாம் ஆழத்தில் கிடக்கின்றன. வறண்ட பருவக் காற்று தண்ணீரைக் கிளறும்போது அவற்றில் ஒரு பங்கு மேலே வந்து பாசியை வளர்க்கும். அந்தப் பாசியில்தான் கரையோர மக்கள் நம்பி வாழும் சிறிய மத்தி வகை மீன்களின் உணவுச் சங்கிலி தொடங்குகிறது. மேல்நீர் சூடேறி அடுக்குப் பிரிவு வலுத்ததால் கலக்கம் குறைந்தது. பாசி உற்பத்தி சுமார் 20 சதவீதம் குறைந்திருக்கலாம் என்றும், மீன் விளைச்சலில் அது சுமார் 30 சதவீத இழப்பாக வரும் என்றும் 2003-இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். அளவுக்கு மீறிப் பிடித்ததுதான் காரணம் என்ற வாதம் எழுந்தது. 2016-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு அடிச்சேற்றின் படிவங்களைத் தோண்டி எடுத்து அவற்றில் இருந்த மீன் எச்சங்களை எண்ணியது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வணிக மீன்பிடிப்பு வருவதற்கு முன்பே மீன்கள் குறையத் தொடங்கியதை அது காட்டியது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு கேடு செய்யவில்லை என்று இதற்குப் பொருளில்லை. ஏற்கெனவே மெலிந்துவரும் மீன்வளத்தின் மேல் அது விழுந்த இரண்டாவது அடி. குற்றம் முழுவதையும் வலை வீசும் ஏழை மீனவர் தலையில் கட்டுவது அநியாயம் என்பது என் கருத்து.

தண்ணீர் சூடானால் மீன் வேகமாக வளருமே என்று கேட்பவர்கள் உண்டு. அது பொய்யில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் ஏற்ற வெப்ப வரம்புக்குள், போதிய இரையும் ஆக்சிஜனும் இருந்தால் வளர்ச்சி கூடும். ஆனால் அந்த வரம்பின் உச்சியைத் தாண்டியதும் வளர்ச்சிக் கோடு மெதுவாக இறங்காது, செங்குத்தாக விழும். சூடான நீரில் உடலைப் பராமரிக்கவே அதிக இரை வேண்டும் என்பதால், இரை கூடாத இயற்கை ஏரியில் மீன் சின்ன உருவத்திலேயே முதிர்ந்து நின்றுவிடும். சின்னப் பெண் மீன் இடும் முட்டை குறைவு. தீவனம் போட்டு வளர்க்கும் குளத்தின் அனுபவத்தை ஏரிக்குப் பொருத்திப் பேசக் கூடாது.

இனி அளப்பது எப்படி என்று. இது ஆராய்ச்சி நிலையங்களுக்கு மட்டும் உரிய வேலை இல்லை. ஒரு படகும், ஆழக் குறியிட்ட கயிறும், ஆக்சிஜனும் வெப்பநிலையும் அளக்கும் கருவியும் இருந்தால் ஏரிப் பாதுகாப்புக் குழுக்களே செய்யலாம்.

ஏரியின் மிக ஆழமான இடத்தைக் கண்டுபிடித்து எப்போதும் அங்கேயே அளக்க வேண்டும். மேலிருந்து தொடங்கி மீட்டருக்கு ஒருமுறை வெப்பநிலையும் கரைந்த ஆக்சிஜனும் குறிக்க வேண்டும். இடையடுக்கில் வெப்பம் சட்டென்று மாறும் இடத்தில் அரை மீட்டருக்கு ஒருமுறை. ஒவ்வோர் ஆழத்திலும் எண் நிலைக்கும் வரை ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பழைய சவ்வு வகைக் கருவியென்றால் முனையை மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முனையைச் சுற்றிய ஆக்சிஜனை அதுவே தின்றுவிட்டுக் குறைவாகக் காட்டும். ஒளி வகைக் கருவிக்கு இந்தக் குறை இல்லை. அளக்கும் நாளெல்லாம் ஈரக் காற்றில் வைத்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும், ஏரி உயரமான இடத்தில் இருந்தால் அந்த உயரத்தைப் பதிய வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் ஆக்சிஜனின் உச்ச அளவு பத்து சதவீதத்துக்கும் மேல் குறையும். இதை மறந்துவிட்டு மலை ஏரியில் ஆக்சிஜன் குறைவு என்று அலறியவர்கள் உண்டு. முனை சேற்றைத் தொடக் கூடாது. தொட்டால் கழுவிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

கருவி இல்லாத இடத்தில் விங்க்ளர் என்னும் வேதிமுறை இன்றும் நம்பகமானது. 300 மில்லி கண்ணாடிக் குப்பியில் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட் கரைசல் ஒரு மில்லி, கார அயோடைடு அசைடு கரைசல் ஒரு மில்லி சேர்த்து மூடிக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். பழுப்பு நிறப் படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அந்த ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. இந்த ஒரு காட்சியே கரையில் நிற்பவர்களுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பிறகு அடர் கந்தக அமிலம் ஒரு மில்லி விட்டுப் படிவைக் கரைத்து, 200 மில்லி அளந்து, 0.025 நார்மல் தயோசல்பேட்டால், ஸ்டார்ச்சை நிறங்காட்டியாக வைத்துத் தரம்பார்க்க (நிறம் மறையும் வரை துளித்துளியாகச் சேர்க்க) வேண்டும். செலவான தயோசல்பேட் எத்தனை மில்லியோ அதுவே லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன். அசைடு நச்சு, அமிலம் சுடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படி அளந்தால் ஒரு கோடையின் கதை கிடைக்கும். வெப்ப அலை நாள்களில் விடியலுக்கு முன் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை என இரண்டு அளவுகள் வேண்டும். செயற்கைக்கோள் தரும் ஏரி வெப்பநிலை பயனுள்ளது, ஆனால் அது தண்ணீரின் மேல்தோலை மட்டுமே பார்க்கிறது.

என்ன செய்யலாம்? காற்றின் வெப்பத்தை ஓர் ஏரியின் கரையில் நின்று குறைக்க முடியாது. ஆனால் அடிநீரின் ஆக்சிஜனைத் தின்பது எது என்று பார்த்தால், அதில் பெரும்பங்கு கரையிலிருந்து வரும் பாஸ்பரஸ் வளர்த்த பாசி. சாக்கடை நீரும் உரம் கலந்த வடிநீரும் ஏரிக்குள் வருவதைத் தடுத்தால், அதே வெப்பத்திலும் அடிநீர் அதிக நாள் மூச்சு விடும். மின்னசோட்டாவில் சிஸ்கோ தப்பிப் பிழைக்க வாய்ப்புள்ள ஆழமான, தெளிந்த ஏரிகளை முதலில் அடையாளம் கண்டு, அவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 75 சதவீதம் காடாகவே நிலைக்க வேண்டும் என்று இலக்கு வைத்து வேலை செய்கிறார்கள். எல்லா ஏரியையும் காப்பாற்ற முடியாத நிலையில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். தாமதித்தால் இன்னொரு வினை சேரும்: அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் சேற்றில் இரும்போடு பிணைந்து கிடந்த பழைய பாஸ்பரஸ் விடுபட்டு மறுபடி தண்ணீருக்குள் வரும். பிறகு வெளியிலிருந்து வருவதை நிறுத்தினாலும் ஏரி பல ஆண்டுகள் தன் சேற்றிலிருந்தே பாசி வளர்க்கும்.

நல்லெண்ணத்தோடு செய்து கெடுப்பதும் நிறைய நடக்கிறது. பாசி மண்டியதும் மயில்துத்தம் தெளிக்கிறார்கள். பாசி ஒரே நாளில் செத்து, அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் குடித்துவிடும். சூடான நீரில் இது மீனுக்குக் கொலைதான். அடியில் காற்றுக் குமிழி விட்டு ஏரியை முழுக்கக் கலக்குவது வெதுநீர் மீன்கள் மட்டும் உள்ள ஆழமற்ற ஏரிக்குச் சரி. அடுக்குகள் பிரிவதற்கு முன்பே தொடங்கி விடாமல் நடத்த வேண்டும். கோடை நடுவில் திடீரென்று முழு வேகத்தில் போட்டால் புயல் செய்வதையே அந்த எந்திரம் செய்யும். குளிர்நீர் மீன் உள்ள ஏரியில் இந்த முறை கூடவே கூடாது. மேல்சூட்டை அடிக்கு இறக்கிவிடும். அங்கே அடுக்குகளைக் கலைக்காமல் அடியடுக்குக்கு மட்டும் ஆக்சிஜன் செலுத்தும் அமைப்பு வேண்டும்.

அணை உள்ள நீர்த்தேக்கங்களில் அடி மதகைத் திறப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கோடை முழுதும் அடியிலிருந்தே தண்ணீர் எடுத்தால் கெட்ட நீர் போய்விடும் என்று தோன்றும்; மீன் ஒதுங்க இருந்த குளிர்நீரும் அதனோடுதான் போகிறது. பல மட்டங்களில் மதகு உள்ள இடங்களில் வாரந்தோறும் எடுத்த ஆழ அளவீட்டைப் பார்த்து எந்த மதகைத் திறப்பது என்று முடிவு செய்யலாம்.

வளர்ப்புக் குளங்களில் செய்ய வேண்டியது நேரடியானது. விடியல் ஆக்சிஜன் 3-க்குக் கீழே போன நாளில் தீவனம் போடக் கூடாது. மற்ற நாள்களில் மாலைத் தீவனத்தைக் குறைத்து, வெயில் ஏறி ஆக்சிஜன் கூடிய பிறகு காலையில் போட வேண்டும். இரை செரிக்கும்போது மீனின் ஆக்சிஜன் தேவை உயரும் என்பதால் அந்த உச்சம் இரவில் விழக் கூடாது. துடுப்புச் சக்கரக் காற்றூட்டியை முன்னிரவு முடிந்ததும் தொடங்கி வெயில் வரும் வரை ஓட்ட வேண்டும். பிற்பகலில் தண்ணீர் ஆக்சிஜனில் மிகைநிறைவாக இருக்கும்போது ஓட்டினால் அது ஆக்சிஜனை வெளியேற்றத்தான் உதவும்.

பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டு, பிடித்த மீனைத் திரும்ப விடுபவர்கள் வெப்ப அலை நாள்களில் அதையும் நிறுத்த வேண்டும். சூடான நீரில் போராடிக் களைத்த மீன் நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பிறகு சாகும். ஆழத்துக் குளிர்நீர் மீனை மேலிழுத்தால் வழியில் உள்ள சூடான அடுக்கே அதை முடித்துவிடும். ஏரியில் மீன்குஞ்சு விடுவதிலும் சிந்தனை வேண்டும்: குளிர்ந்த, ஆக்சிஜன் உள்ள அடுக்கு கோடை இறுதியில் மிஞ்சாத ஏரியில் ஆண்டுதோறும் குளிர்நீர் மீன்குஞ்சுகளைக் கொட்டுவது பணத்தையும் உயிரையும் சேர்த்து வீணாக்குவது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மீன்சாவுச் செய்தி வரும்போது உங்கள் செய்தியாளர் அதிகாரிகளிடம் ஆறு விவரங்களைக் கேட்கட்டும்: செத்த மீன் எந்த இனம், என்ன அளவு, முதலில் கண்ணில் பட்டது எத்தனை மணிக்கு, அதற்கு முந்தைய மூன்று நாள் வானிலை, அன்று விடியலில் மேல்நீர், நடுநீர், அடிநீர் மூன்றிலும் எடுத்த வெப்பநிலையும் ஆக்சிஜனும், அமிலகார அளவோடு சேர்த்து அம்மோனியா. மீன் செத்த நேரத்துக்கும் நீர் எடுத்த நேரத்துக்கும் இடையே எத்தனை மணி என்பதையும் அச்சிடுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கரையில் மொண்ட ஒரு குப்பி நீரில், விடியற்காலை நான்கு மணிக்கு என்ன நடந்தது என்பதற்குச் சான்று இருக்காது. செத்த மீனைப் பரிசோதனைக்கு அனுப்புவதானால் செவுள் இன்னும் சிவப்பாக உள்ள மீனைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். உறையவைத்தால் திசுப் பரிசோதனைக்கு அது உதவாது.

இப்படிக்கு,
நன்னீர் மீன்வளத் துறை சார்ந்த ஒரு வாசகர்